அடிப்பூச்சு: வாலிநோக்கத்தில் உரிக்கப்பட்ட ஒரு பேஸ் கிட்டார்

கடலாடி வட்டத்தில், ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் இடைப்பட்ட கரையில், மன்னார் வளைகுடாவைப் பார்த்துக் கிடக்கிறது வாலிநோக்கம். அரசாங்கக் காகிதங்களில் இந்த ஊர் உப்புக்காக வரும். 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகத்தின் பாத்திகள் இங்கேதான். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இன்னொன்றையும் சொல்வார்கள்: இந்தக் கரையில் கப்பல் உடைத்தார்கள். குஜராத்தின் அலாங் அளவுக்குப் பெரிசு கிடையாது. ஆனாலும் உடைத்தார்கள். வயசான கப்பல் ஒன்று கரையேறினால் அது மறுபடி கடலைப் பார்க்காது. இரும்பு ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம், கதவு, கயிறு, விளக்கு, கழிப்பறைப் பீங்கான் என்று ஆளுக்கொரு திசையில் போகும். 'முழுமை' என்ற சொல்லை வைத்துக்கொண்டு தத்துவம் பேசுகிற நாம் ஒருமுறையாவது இப்படி ஒரு கரையில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

இந்த ஊருக்கு நான் போனது கப்பலைப் பார்க்க அல்ல. ஒரு பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு. நண்பர் ஒருவரின் தகப்பனாருடையது. ராமநாதபுரம் பக்கத்து இன்னிசைக் குழுவொன்றில் இருபது வருஷத்துக்கும் மேலாக அவர் அதை வாசித்தார். மாதா கோயில் திருவிழா, அம்மன் கோயில் பொங்கல், ஏர்வாடிச் சந்தனக்கூடு சமயத்துக் கச்சேரி, கல்யாண வீட்டு வரவேற்பு என்று அந்தக் கிட்டார் போகாத பந்தல் இல்லை. அவர் காலமான பிறகு அது பரண்மேல் கிடந்தது. மகனுக்குக் கடன். சென்னையில் பழைய வாத்தியங்களைச் சேகரிக்கிற ஒருவர் கைபேசியில் படம் பார்த்துவிட்டு நல்ல விலை சொல்லியிருக்கிறார், ஒரு நிபந்தனையோடு: "மேல இருக்கற பெயின்ட்டெல்லாம் எடுத்துட்டு ஒரிஜினல் ஆக்கிக் குடுங்க."

அந்த ஒற்றைச் சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்கியது. மூலம். எழுபது எண்பதுகளில் நமது சூழலில் செய்யப்பட்ட ஒரு மின்வாத்தியத்துக்கு எது மூலம்?

வெளிநாட்டுக் கிட்டாரை இறக்குமதி செய்வது சாதாரணக் கலைஞனுக்கு எட்டாத காரியமாக இருந்த காலம் அது. லைசென்ஸ், சுங்கவரி, அந்நியச் செலாவணி. உள்நாட்டில் கல்கத்தாவிலிருந்து 'ஹாப்னர்', 'கிவ்சன்' என்று கிட்டார்கள் வந்தன. பெயர்களைக் கவனியுங்கள். ஜெர்மனியின் ஹாஃப்னரையும் அமெரிக்காவின் கிப்சனையும் ஓரெழுத்துத் தள்ளி உச்சரித்தால் அவை வரும். நகல் தன்னை நகல் என்று வெட்கமில்லாமல் அறிவித்துக்கொள்கிற, அதே மூச்சில் மூலத்தின் பெயரைச் சற்றே கேலியும் செய்கிற பெயர்கள் இவை. (கேலியை அவர்கள் உத்தேசிக்கவில்லை என்று சொல்லலாம். பிரதியின் நோக்கம் ஆசிரியனுடைய நோக்கமல்ல என்று நாம் எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறோம்!) இவையும் கைக்கு வராதபோது, ஒரு படத்தையோ யாரோ கொண்டுவந்த கிட்டாரின் அளவையோ வைத்துக்கொண்டு ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொள்வது மூன்றாவது வழி. நம் கையிலிருந்தது அந்த மூன்றாவது வகை. சந்தையின் மொழியில் 'கஸ்டம் மேட்'. ஊர் மொழியில், சொல்லிச் செய்தது.

இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் ஒரு வர்க்கமே படுத்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் அலெம்பிக் பட்டறையினர் 1970களின் தொடக்கத்தில் ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் குழுவின் ஜாக் காசடிக்காக ஒரு பேஸைத் தனியாகச் செய்துகொடுத்தபோது, அரிய மரங்களும் புதுவகை மின்சுற்றும் சேர்ந்து அது ஒரு ஆடம்பரப் பொருளாயிற்று. அதே பத்தாண்டில் மதராஸில் ஒரு ஆசாரி பலா மரத்தில் ஒன்று செய்தால் அது இல்லாமையின் அடையாளம். இரண்டுமே ஒருவருக்காக, ஒரே ஒரு தடவை செய்யப்பட்டவை. ஒன்று காட்சிக்கூடத்துக்குப் போகும், மற்றது பரணுக்கு. நமக்கு நன்றாகத் தெரிந்த விதிவிலக்கு மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969-2014). இரட்டைக் கம்பிகளாக நாலு ஜோடி இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக் கம்பிகளாக ஐந்து வைத்த மின்மாண்டலினை அவர் கச்சேரி மேடையில் ஏற்றினார். கமகத்துக்காகவும் கீழ் ஸ்தாயிக்காகவும் வாத்தியத்தின் உடம்பையே மாற்றியது அது. மேதைமை அங்கே 'சொல்லிச் செய்த'தை நியாயப்படுத்திவிட்டது. இன்னிசைக் குழுக்காரனுக்கு அந்த வசதி இல்லை.

*

பேஸ் கிட்டார் என்பதே ஒரு இளைய வாத்தியம். சியாட்டிலில் பால் டுட்மார்க் என்பவர் 1930களிலேயே மின்பேஸ் ஒன்றைச் செய்து விற்றுப் பார்த்தார்; எடுபடவில்லை. 1951இல் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்'தான் நிலைத்தது. ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர்க்காரர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். ஆளுயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸில் விரலை எங்கே வைப்பது என்பது பல வருஷப் பயிற்சி. இவர் கழுத்தில் உலோக மெட்டுகளை அடித்து அந்தத் தடுமாற்றத்தை நீக்கினார். துல்லியம் என்று பெயரே அதனால் வந்தது. மெட்டு என்று நான் சொல்வது வீணைக்காரர்களின் சொல். வீணைத் தண்டில் இருபத்துநாலு மெட்டுகளை மெழுகில் பதித்துச் சுருதி பார்ப்பதை 'மேளம் கட்டுவது' என்பார்கள். மெழுகு தேயும், இளகும்; சில வருஷத்துக்கு ஒருதடவை மறுபடி கட்ட வேண்டும். வீணை பிறக்கிறபோதே புதுப்பிக்கப்படப் போகிற பொருளாகத்தான் பிறக்கிறது. கட்டிய மேளம் 'ஒரிஜினல்' மேளம்தானா என்று எந்த வித்வானும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கீழ்ஸ்தாயியின் சரித்திரத்தில் இன்னொன்றும் உண்டு. 1925க்கு முந்திய இசைத்தட்டுகளில் குழல் வழியாகப் பதிந்த ஒலியில் அடிநாதம் அநேகமாக இல்லை. கருவிக்கு அது கேட்கவில்லை. மின்வழிப் பதிவு வந்த பிறகுதான் கீழே இருப்பவை பதிவாகத் தொடங்கின. கீழே இருப்பவை பதிவாகாத காலத்தை நமது சரித்திர எழுத்தோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதலாம். அந்த ஒப்புமை ரொம்பச் சுலபமாக வருவதால் எனக்கு அதன்மேல் சந்தேகம். விட்டுவிடுகிறேன்.

தமிழ்க் காதுக்கு இந்த ஒலி வந்தது சினிமா வழியாக. 1976இல் 'அன்னக்கிளி' வந்த பிறகு இளையராஜாவின் பாடல்களில் பேஸ் வெறும் தாளக்காவலாக இல்லாமல் தனியாக ஒரு பாட்டையே கீழே பாடிக்கொண்டு போனது. டீக்கடை ஒலிப்பெட்டியில் அது பாதிதான் கேட்கும். கோயில் கொடையில் ஆளுயரப் பெட்டிகள் வைத்து இன்னிசைக் குழு வாசிக்கும்போது முழுசாகக் கேட்கும், நெஞ்சுக்கூட்டில் கேட்கும். அந்தக் குழுக்களில் வாசித்தவர்கள் யார்? சபாக்களில் உட்கார இடமில்லாதவர்கள். சர்ச் பாடகர் குழுவில் கைபழகியவர்கள், பாண்டு வாத்தியக்காரரின் பிள்ளைகள், மேளக்காரர் வீட்டிலிருந்து திசைமாறி வந்தவர்கள். 'மெல்லிசை' என்ற சொல்லை நமது சிறுபத்திரிகைகள் ஒரு வசையாகவே பயன்படுத்தின. அந்தப் பக்கங்களில் நானும் எழுதியிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

*

வாலிநோக்கத்துக்கு ஏன் போனோம்? அந்த ஊரில் ஒரு படகு ஆசாரி இருந்தார். சென்னையில் கிட்டார் பழுதுபார்க்கிற ஒருவர் கேட்ட கூலி, கிட்டாரின் விலையில் பாதி. படகு ஆசாரி பேஸ் கிட்டாரைக் கையால் தொட்டது அதுவே முதல்தடவை. புரட்டிப் பார்த்தார், விரலால் தட்டினார், முகர்ந்தும் பார்த்தார். "பலா" என்றார். "தண்டு வேற. மேல ஒட்டியிருக்கறது ஈட்டி."

கம்பிகளைக் கழற்றினோம். ஒரு பேஸ் கிட்டாரின் நாலு கம்பிகளும் சுருதி சேர்த்த நிலையில் எழுபது எண்பது கிலோ எடைக்கு இழுக்கும். அந்த இழுவையைத் தாங்க, தொழிற்சாலைக் கிட்டாரில் கழுத்துக்குள்ளே திருகி முடுக்கக்கூடிய எஃகுக் கம்பி இருக்கும். இதில் அது இல்லை. செய்தவர் ஒரு இரும்புப் பட்டையைக் கழுத்துக்குள் பதித்து மூடியிருந்தார். முடுக்க முடியாது, ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் கழுத்து அரை நூல் அளவுக்குத்தான் வளைந்திருந்தது. கழுத்து உடம்போடு சேருகிற குழியில், திருகுகளைக் கழற்றியபோது, பென்சிலால் ஒரு பிள்ளையார் சுழி. அதன்கீழ் 34 அங்குலம் என்று கம்பி நீளமும், குழியின் ஆழம் அங்குலம் நூல் கணக்கிலும். பெயர் இல்லை. அளவு எழுதத் தெரிந்தவருக்குப் பெயர் எழுதத் தெரியாதா என்ன? எழுதுகிற வழக்கம் இல்லை. எழுதுமாறு யாரும் கேட்டதில்லை.

பிக்கப்பில் ஓசையே வரவில்லை. காந்தத்தைச் சுற்றியிருந்த செம்புக்கம்பி எங்கேயோ அறுந்திருந்தது. சாயல்குடியில் மோட்டாருக்கும் மின்விசிறிக்கும் காயில் கட்டுகிற கடைக்கு எடுத்துப்போனோம். கடைக்காரக் காக்கா கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்துவிட்டார். தலைமுடியைவிட மெலிசு. "இது காயில் இல்ல தம்பி, சிலந்தி வலை" என்றார். நாற்பத்திரண்டாம் நம்பர் கம்பியை மதுரையிலிருந்து வரவழைத்து, இரண்டு தடவை அறுந்து, மூன்றாம் தடவை பத்தாயிரம் சுற்றுக்குக் கிட்டத்தட்டச் சுற்றி முடித்தார். எண்ணுவதற்குப் பழைய டேப் ரிக்கார்டரிலிருந்து எடுத்த எண்காட்டி. அவர் வாங்கிய கூலியை இங்கே எழுதினால் சென்னைக்காரர்கள் சாயல்குடிக்கு வரிசை கட்டிவிடுவார்கள்.

பிறகு பூச்சு.

மேலே இருந்தது எனாமல் பெயின்ட். கருநீலத்தில், குழுவின் பெயரை நண்பரின் தகப்பனாரே மஞ்சளில் வளைவு எழுத்தாக எழுதியிருந்தார். ஓரத்தில் சுரண்டினால் அதன்கீழ் சிவப்பு. கார் ஒர்க்ஷாப்பில் அடிக்கிற 'டூக்கோ'. அதன்கீழ் பழுப்புநிறத்தில் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய படலம். ஸ்பிரிட் தொட்ட பஞ்சு பட்டதும் அது கரைந்து ஒட்டியது. அரக்கு. அதற்கும் கீழே மஞ்சள் பாய்ந்த பலா. நாலு அடுக்கு. தொல்லியல்காரர்கள் பாணியில் குழி தோண்டி ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு காலம் கொடுத்துவிடலாம். சேகரிப்பவர் கேட்கிற 'ஒரிஜினல்' இதில் எந்த அடுக்கு?

*

ஒவ்வொரு அடுக்கும் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது பயனுள்ளது. அரக்கு ஒரு பூச்சியின் கசிவு. சோட்டா நாகபுரியின் பலாச மரங்களிலும் இலந்தையிலும் குசும் மரத்திலும் அந்தப் பூச்சியை வளர்த்து, குச்சியோடு சுரண்டியெடுத்துத் தருபவர்கள் பெரும்பாலும் ஆதிவாசிகள். ஒரு கிலோவுக்கு லட்சக்கணக்கான பூச்சிகள். ஐரோப்பிய வயலினுக்கும் பியானோவுக்கும் மெருகு கொடுத்த 'பிரெஞ்சு பாலிஷ்' இதுதான். பெயர் மட்டும் பிரெஞ்சு. 78 சுழற்சி இசைத்தட்டுகளும் இதே அரக்கில் அச்சானவை. 1908இல் கிராமபோன் கம்பெனி கல்கத்தாவில் தொழிற்சாலை போட்டதற்குச் சந்தை எவ்வளவு காரணமோ அவ்வளவு இந்தக் கச்சாப்பொருளின் அருகாமையும் காரணம் என்றே எனக்குப் படுகிறது. குரலைத் தாங்கியதும் வாத்தியத்தை மூடியதும் ஒரே கசிவு. இசையின் சரித்திரத்தில் அந்தக் காட்டுக்கு எத்தனை பக்கம் இருக்கிறது?

சிவப்பு டூக்கோவின் கதை வேறு. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் நனைத்தால் வெடிபஞ்சு. அதையே கரைத்தால் பூச்சு. தகடாக்கினால் பழைய சினிமா பிலிம். முதல் உலகப்போருக்காகப் பெருக்கிய வெடிமருந்து ஆலைகளின் திறன் போர் முடிந்ததும் சும்மா இருக்க முடியாதில்லையா, 1923இல் டியூபான்ட் கம்பெனி 'டியூக்கோ' என்ற பெயரில் கார்களுக்கான பெயின்ட்டைக் கொண்டுவந்தது. ஃபெண்டர் தன் கிட்டார்களுக்கு அடித்த விசேஷ வண்ணங்கள் இந்தக் கார் வண்ணங்களே. நமது ஒர்க்ஷாப்புகளில் இன்றைக்கும் எந்தக் கம்பெனிப் பெயின்ட்டானாலும் அது 'டூக்கோ'தான். ஆக, 1960களின் அமெரிக்கக் கிட்டாரில் கார் பெயின்ட் இருந்தால் அது 'வின்டேஜ்'; மதராஸ் பலாவின்மேல் அதே கார் பெயின்ட் இருந்தால் அது 'ஒட்டுவேலை', உரித்துப்போட வேண்டியது. இதை எந்தச் சொல்லாடல் தீர்மானிக்கிறது என்று தனியாக விளக்கத் தேவையில்லை.

விரல்பலகையின் ஈட்டி மரம் இன்னும் கசப்பான விஷயம். உலகக் கிட்டார்த் தொழில் முதலில் பிரேசிலின் ஈட்டியைத் தின்றது. அது தட்டுப்பாடானபோது இந்திய ஈட்டிக்கு வந்தார்கள். புகழ்பெற்ற மார்ட்டின் கம்பெனி 1969இல் மாறியது. பிரேசில் ஈட்டியின் சர்வதேச வணிகம் 1992இல் அடியோடு தடைசெய்யப்பட்டது. 2017 ஜனவரியில் ஈட்டிக் குடும்பத்து மரங்கள் அத்தனையும் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தன. வாத்தியக் கம்பெனிகள் கூச்சலிட்டன. 2019இல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கிடைத்தது. நீலகிரியிலும் வயநாட்டிலும் ஆனைமலையிலும் வளர்கிற இந்த மரத்தின்மேல் அங்கே வாழ்ந்தவர்களுக்கு இருந்த உரிமை 1882ஆம் வருஷத்து மதராஸ் வனச்சட்டத்தோடு சுருங்கத் தொடங்கியது. அவர்களுக்காக எந்தக் கம்பெனியும் கூச்சலிட்டதில்லை. மரம் வாத்தியமான பிறகுதான் அதற்கு விலக்குக் கிடைக்கிறது. காட்டில் நிற்கிற வரைக்கும் அது குற்றத்தின் தடயப்பொருள்.

*

மேற்கத்தியப் பழுதுபார்ப்பு மரபுக்குள்ளேயே இந்த 'மூலம்' என்ற கடவுள் எப்படிச் சரிகிறார் என்பதற்கு இரண்டு பேஸ்களைச் சொல்கிறேன்.

முதலாவது ஜேக்கோ பாஸ்டோரியஸுடையது. ஃபுளோரிடாவின் கடற்கரை நகரமொன்றில் வளர்ந்தவர் அவர். 1962ஆம் வருஷத்து ஃபெண்டர் ஜாஸ் பேஸ் ஒன்று அவர் கையில் மெட்டுகளில்லாமல் இருந்தது. தானே பிடுங்கியதாகவும் சொல்லியிருக்கிறார், பிடுங்கியதையே வாங்கியதாகவும் சொல்லியிருக்கிறார். மெட்டு இருந்த வெட்டுகளை அடைத்து, விரல்பலகைமேல் அவர் பூசியது படகுகளுக்குப் பூசுகிற எபாக்சி. உப்புத்தண்ணீரைத் தடுக்கச் செய்த அந்தப் பூச்சின் கண்ணாடிக் கடினத்தில்தான், மனிதக் குரல்போல் வழுக்கிப் பாடுகிற அந்த ஒலி பிறந்தது. ஃபெண்டர் துல்லியத்துக்காக அடித்த மெட்டை இவர் நீக்கினார். ரேடியோக்காரர் மூடிய வழியைப் படகுப்பூச்சு திறந்துவிட்டது. அந்த பேஸ் பிற்காலத்தில் துண்டுதுண்டாக உடைந்தது. கெவின் காஃப்மேன், ஜிம் ஹாமில்டன் என்ற இருவர் ஒட்டிச் சேர்த்தார்கள். 1986இல் நியூயார்க்கில் திருட்டுப்போனது. அடுத்த வருஷம் அவரும் செத்துப்போனார். இருபது வருஷம் கழித்து அதே நகரத்துக் கடையொன்றில் அது அகப்பட்டபோது அடையாளம் காட்டியவை அந்த ஒட்டுகளும் தழும்புகளும். யாருக்குச் சொந்தம் என்ற தகராறு, மெடாலிகா குழுவின் ராபர்ட் ட்ருஹியோ பணம் கொடுத்து 2010இல் தீர்ந்தது. 'ஒரிஜினல்' ஃபெண்டராக இருந்திருந்தால் அது ஆயிரத்தில் ஒன்று. கெட்டுப்போனதால்தான் அது ஒன்று.

இந்தக் கதையை நான் சொன்னபோது படகு ஆசாரி பெரிசாக ஆச்சரியப்படவில்லை. "ரெசின் அடிச்சிருக்கார். இங்க எல்லா வத்தைக்கும் அதான்" என்றார். அவருடைய தகப்பனார் காலத்தில் வேறு: பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடிப்பது, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சித் தடவுவது, வெளியில் மீன் எண்ணெய். கலப்பத்து என்ற சொல் போர்ச்சுகீசியரோடு இந்தக் கரையில் இறங்கியது. வருஷத்துக்கு ஒருமுறை கரையேற்றிப் பூசாத வத்தை செத்த வத்தை. பூச்சை அப்படியே பாதுகாத்து வைக்கிற யோசனையே இங்கே பைத்தியக்காரத்தனம். பூச்சு என்பது போகப்போவது. இவர்கள் பார்வையில் தீவுகூட நிரந்தரமில்லை. 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது கணக்கிட்ட 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பவளப்பாறையை வெட்டிக் கரையேற்றியதுதான் முக்கியக் காரணம்.

தத்துவ வகுப்பில் தீசியஸின் கப்பல் என்றொரு புதிர் சொல்வார்கள். பலகை பலகையாக மாற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் இருப்பது பழைய கப்பல்தானா? ஹாப்ஸ் 1655இல் அதில் ஒரு திருப்பம் வைத்தார்: கழற்றிப்போட்ட பழைய பலகைகளை ஒருவன் சேகரித்து இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல்? புதிருக்குத் தேவையான ஆள் என்பதற்கு மேல் அந்தச் 'சேகரித்த ஒருவன்' யார் என்று தத்துவம் விசாரித்ததில்லை. வாலிநோக்கத்தில் அவனுக்கு முகம் உண்டு: பழைய சாமான் வியாபாரி. பலகைக்கு என்ன விலை, உடைத்தவனுக்கு என்ன கூலி, இரும்பு விழுந்து காலொடிந்தவனுக்கு என்ன கிடைத்தது என்று அவனிடம் கணக்கு இருக்கும், அல்லது இல்லாமல் செய்யப்பட்டிருக்கும். அடையாளம் பற்றிய கேள்வி அந்தக் கணக்கைத் தாண்டிக்கொண்டுதான் மேலே போகிறது.

இரண்டாவது பேஸ் ஜேம்ஸ் ஜேமர்சனுடையது. டெட்ராய்ட்டின் மோட்டவுன் கம்பெனிக்காகக் கணக்கில்லாத பாட்டுகளுக்கு வாசித்த கறுப்பர். அவருடைய 1962 பிரிசிஷனில் கம்பி அறுந்தாலொழிய மாற்றமாட்டார். கழுத்தில் படிந்த அழுக்கைத் துடைக்கமாட்டார். அழுக்கு அவருடைய ஒலியின் பகுதி. மோட்டவுன் உறைகளில் வாத்தியக்காரர் பெயர் வராது. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில்தான் ஜேமர்சன் பெயர் அச்சானது. 1983இல் அவர் சாவதற்குச் சற்று முன்னால் அந்தக் கிட்டாரும் களவுபோனது, இன்றுவரை அகப்படவில்லை.

நமது பக்கத்தில் தொண்ணூறுகளில் ஏ.ஆர். ரஹ்மானின் ஒலிநாடா, குறுந்தகடு உறைகளில்தான் கீத் பீட்டர்ஸ் போன்ற பேஸ் கலைஞர்களின் பெயர் அச்சாவது வழக்கமாயிற்று. அதற்கு முந்தியவர்களை வாத்தியக்காரர்கள் அறிவார்கள், கேட்பவர்கள் அறியமாட்டார்கள். வாசித்தவர் நிலையே இது என்றால் வாத்தியம் செய்தவர் நிலை? மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி, தலித் கிறிஸ்தவக் குடும்பங்களின் உழைப்பைப் பற்றி, டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுத 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்கத்தைக் கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் திரும்ப எடுத்துக்கொண்டது. தோல் யாருடைய கையால் பதமாகிறது என்பதைத் தவிர எல்லாவற்றையும் பற்றி இங்கே இசையில் பேசலாம்.

*

வேலைக்கு வருகிறேன். ஆசாரி உப்புத்தாளைக் கையில் எடுத்த அன்று நண்பரின் அம்மா வந்துவிட்டார். ராமநாதபுரத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். கிட்டாரைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"பேரையும் சுரண்டப் போறீகளா தம்பி?"

நான் சேகரிப்பவரின் நிபந்தனையைச் சொன்னேன். மூலம், அடுக்கு என்று ஏதோ விளக்கவும் தொடங்கினேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிறகு, "அந்த மஞ்சப் பெயின்ட்டு எங்க வீட்டு ஜன்னலுக்கு வாங்கினது. மீந்ததுல எழுதினாக" என்றார். மகன் தலையைக் குனிந்துகொண்டு, கடன்காரன் பெயரைச் சொன்னான். அம்மா பதில் சொல்லவில்லை.

இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்ததுதான் கஷ்டம். அழுக்கும் தழும்பும் புனிதம் என்று எழுதுவது எனக்குச் சுலபம். வட்டி கட்டுவது நானல்ல. அதோடு, பழசை அப்படியே வைப்பதும் இன்றைக்கு ஒரு வியாபாரம். புதுக் கிட்டாரையே சங்கிலியால் அடித்து, சிகரெட்டால் சுட்டு, தேய்த்து, 'ரெலிக்' என்று கூடுதல் விலைக்கு அமெரிக்கக் கம்பெனிகள் விற்கின்றன. உழைப்பின் தழும்பை உழைப்பில்லாமல் வாங்கிக்கொள்ளலாம். பெஞ்சமின் ஒளிவட்டம் என்று சொன்னதை இவர்கள் தேய்ப்பு இயந்திரத்தால் உற்பத்தி செய்துவிட்டார்கள்.

தீர்வை ஆசாரிதான் கொண்டுவந்தார், தீர்வு என்று நினைக்காமலே. முன்பக்கத்தில் பெயர் இருக்கிற இடத்தின் எனாமல் மரத்தைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது, அதைத் தொட வேண்டாம். பின்பக்கமும் ஓரங்களும் பொரிந்து தண்ணீர் இறங்கியிருக்கிறது, அதை விட்டால் மரம் போய்விடும், உரித்தே ஆக வேண்டும் என்றார். படகில் இப்படித்தான். பிடித்த இடத்தை விட்டு, பொரிந்த இடத்தை எடுப்பது. அதில் மூலமும் இல்லை, நினைவும் இல்லை. தண்ணீர் எங்கே இறங்குகிறது என்ற ஒரே கேள்விதான்.

கண்ணாடிச் சில்லை உடைத்து அதன் ஓரத்தால் சுரண்டினார். பெயின்ட் கரைக்கிற மருந்தை ஊற்றினால் பெயரின் பக்கம் ஓடிவிடும் என்பதால் கைவேலைதான். மூன்று நாள் ஆயிற்று. பிறகு எண்பது, நூற்றிருபது, இருநூற்றிருபது என்று தாள் மாற்றித் தேய்த்து, புழு அரித்த ஒரு ஓட்டையைப் பலாத்தூளும் பசையும் குழைத்து அடைத்தார். பூச்சுக்கு அரக்கையே எடுத்தோம். ஸ்பிரிட்டில் ஒரு ராத்திரி ஊறவைத்து, துணியில் வடித்து, பழைய பனியன் துணியைப் பந்தாக்கி, நாளுக்கு இரண்டு கை. இந்த ஊரில் பகல் பத்து மணிக்குமேல் அடித்தால்தான் உண்டு. காலையில் உப்புக்காற்றின் ஈரத்தில் அரக்கு வெள்ளையாகப் பூத்துப்போகும். பதினான்கு கை ஆனபோது பலாவின் ரேகை தேன் நிறத்தில் எழும்பியது. சிவப்பு டூக்கோவை ஒரு ஓரத்தில் நகமளவுக்கு விட்டுவைக்கச் சொன்னேன். "எதுக்கு?" என்று கேட்டார். சரியான பதில் என்னிடம் இல்லை. விட்டுவைத்தார்.

சேகரிப்பவருக்குப் படம் அனுப்பினோம். பாதி விலை சொன்னார். பிறகு அதுவும் இல்லை. கடனை மகன் வேறு வழியில் புரட்டினான்; அந்த வழி இந்தக் கட்டுரைக்கு உரியதல்ல.

கழுத்தைப் பொருத்துமுன் அந்தக் குழியில் பிள்ளையார் சுழிக்குக் கீழே பெயரை எழுதும்படி ஆசாரியிடம் பென்சிலைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் தயங்கினார். உள்ளேதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று சமாதானம் சொன்னேன். எழுதினார். சாயல்குடிக் காக்கா பெயரையும் அவரே எழுதினார், எழுத்துக் கூட்டி. முதலில் செய்தவரின் இடம் காலியாகவே இருக்கிறது. நாலு திருகையும் முடுக்கி, கம்பி மாட்டி, ஆசாரியின் பேரன் வைத்திருந்த சின்ன ஸ்பீக்கரில் சொருகிப் பார்த்தோம். அந்த ஸ்பீக்கரில் அடிக்கம்பி கேட்கவே இல்லை. கையை மரத்தின்மேல் வைத்தால் மட்டும் தெரிந்தது.

ஐப்பசி மழையில் பின்பக்கம் ஒரு மூலை பூத்துவிட்டதாக மகன் போனில் சொன்னான். ஆசாரியிடம் கேட்டேன். வாடை முடியட்டும், தையில் கொண்டுவாருங்கள், இன்னும் இரண்டு கை போடலாம் என்றார்.